‘ரோலக்ஸ்’ வந்தா விசில்... போதைப்பொருள் படங்களை ரசிகர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்? நெய்வேலி ‘மாஸ்டர்’ முதல் ‘லியோ’ வரை

2020 பிப்ரவரி. நெய்வேலி என்எல்சி சுரங்கப் பகுதியில் ‘மாஸ்டர்’ படப்பிடிப்பு. பிப்ரவரி 5-ம் தேதி படப்பிடிப்புத் தளத்துக்கே வந்த வருமான வரித்துறை அதிகாரிகள், நடிகர் விஜய்யை சென்னைக்கு அழைத்துச் சென்று விசாரித்தார்கள். அவர் திரும்பி வந்தபோது சுரங்க வாசலில் ஏராளமான ரசிகர்கள் திரண்டுவிட்டார்கள். வேன் மீது ஏறி நின்று விஜய் எடுத்த செல்ஃபிதான், அந்த ஆண்டு இந்தியாவில் அதிகம் ரீட்வீட் செய்யப்பட்ட பதிவு.

அந்த செல்ஃபி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அங்கே எடுக்கப்பட்ட படம் எதைப் பற்றியது? போதையில் சிக்கிய சிறுவர்களைப் பற்றியது. லோகேஷ் கனகராஜ் இயக்கிய ‘கைதி’, ‘மாஸ்டர்’, ‘விக்ரம்’, ‘லியோ’ நான்கிலுமே ஏதோ ஒரு வகையில் போதை இருக்கிறது. ‘செம ஸ்டைல், வேற லெவல்’ என்று ஒரு தரப்பு கொண்டாடுகிறது. ‘வில்லனை ஹீரோவாக்கிட்டாங்க’ என்று இன்னொரு தரப்பு வருத்தப்படுகிறது. இரண்டு தரப்பும் சொல்வது என்ன? விரிவாகப் பார்ப்போம்.

எந்தப் படத்தில் என்ன கதை?

கைதி (2019 அக்டோபர் 25): போலீஸ் பிடித்த 900 கிலோ போதைப்பொருளை மீட்க ஒரு கும்பல் கிளம்புகிறது. சிறையிலிருந்து வெளியே வந்த டில்லி (கார்த்தி), மகளைப் பார்க்கப் போகும் வழியில் இதில் மாட்டிக்கொள்கிறார். ஒரே இரவில் நடக்கும் கதை. பாட்டு இல்லை, ஹீரோயினும் இல்லை.

மாஸ்டர் (2021 ஜனவரி 13): சிறார் சீர்திருத்தப் பள்ளியைத் தன் பிடியில் வைத்திருக்கும் பவானி (விஜய் சேதுபதி), அங்குள்ள பையன்களுக்குப் போதைப் பழக்கத்தை உண்டாக்கி, தான் செய்த குற்றங்களை அவர்கள் தலையில் கட்டுகிறார். அங்கே வேலைக்கு வரும் பேராசிரியர் ஜேடி (விஜய்) ஒரு குடிகாரர். கொரோனா காலத்தில் 50 சதவீத இருக்கைகளுடன் தியேட்டருக்கு வந்த படம் இது.

விக்ரம் (2022 ஜூன் 3): போதைப்பொருள் தடுப்பு அதிகாரியான மகன் கொல்லப்பட, தந்தை (கமல்ஹாசன்) கும்பலை வேட்டையாடுகிறார். காணாமல் போன கன்டெய்னர்களைத் தேடும் சந்தனமாக விஜய் சேதுபதி. கடைசியில் சில நிமிடங்களே வரும் ரோலக்ஸாக சூர்யா.

லியோ (2023 அக்டோபர் 19): புகையிலை வியாபாரத்தின் பின்னால் போதைப்பொருள் தொழில் நடத்தும் தாஸ் குடும்பம். அதிலிருந்து விலகி வாழும் ஒருவனை அந்தப் பழைய வாழ்க்கை துரத்தி வருகிறது.

‘கைதி’, ‘விக்ரம்’, ‘லியோ’ மூன்றும் எல்சியு எனப்படும் ஒரே கதை உலகில் வருகின்றன. ‘மாஸ்டர்’ அதில் சேராது.

ரசிகர்களுக்கு ஏன் பிடிக்கிறது?

முதல் காரணம் வேகம். இருட்டு, மஞ்சள் விளக்கு, லாரி, விடாமல் துரத்தும் கும்பல் என்று ‘கைதி’ ரசிகர்களை சீட் நுனிக்குக் கொண்டுவந்தது. நான்கு படங்களுக்கும் எடிட்டர் பிலோமின் ராஜ்தான். ‘கைதி’க்குப் பிறகு வந்த மூன்றுக்கும் அனிருத் இசை. பழைய பாட்டை சண்டைக்கு நடுவில் ஓடவிடும் உத்தியும் தியேட்டரில் பெரிய அளவில் எடுபட்டது.

இரண்டாவது காரணம், புதிர் போடும் சுகம். இந்தப் படத்தில் வந்த ஆள் அடுத்த படத்தில் வருவாரா என்று ரசிகர்கள் கணக்குப் போடுகிறார்கள். ‘லியோ’ வந்தபோது பாதி பேர் கேட்ட கேள்வி, ‘இது எல்சியுவா, இல்லையா?’ என்பதுதான்.

மூன்றாவது, இயக்குநர் சொல்லும் கருத்து. போதை இல்லாத சமுதாயம்தான் தன் படங்களின் அடிப்படை என்று லோகேஷ் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ‘ஹீரோ போதைக்கு எதிராத்தானே சண்டை போடுறாரு, அப்புறம் என்ன பிரச்னை?’ என்பது ரசிகர்கள் வாதம்.

எதிர்ப்பவர்கள் சொல்வது என்ன?

விசில் யாருக்கு விழுகிறது என்று அவர்கள் கேட்கிறார்கள். ‘விக்ரம்’ படத்தில் போதைக்கு எதிராகப் போராடுபவர் கமல். ஆனால் படம் முடிந்து வெளியே வந்தவர்கள் அதிகம் பேசியது ரோலக்ஸைப் பற்றி. அதே படத்தில் சந்தனம், ஒரு போதை வில்லையைக் கடித்ததும் அடி வாங்கிய உடம்பில் புது பலம் வந்து எழுகிறார். போதை என்பது பலம் தரும் மருந்து போலத் தெரிவதாக விமர்சனம் எழுந்தது.

‘லியோ’வுக்கும் இதே பிரச்னை வந்தது. 2023 ஜூனில் வெளியான ‘நா ரெடி’ பாடல் புகை, மதுவைக் கொண்டாடுவதாகப் புகார் கிளம்ப, வீடியோவில் எச்சரிக்கை வாசகம் சேர்க்கப்பட்டது. இரண்டாம் பாதி பிளாஷ்பேக் முதல் பாதி அளவுக்கு இல்லை, வன்முறை ஓவர் என்ற குறைகளும் படம் வந்த பிறகு கேட்டன.

குழந்தைகளோடு போகலாமா?

இந்த நான்கு படங்களுக்கும் கிடைத்தது யு/ஏ சான்றிதழ். அதாவது 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம். தலை துண்டாகும் காட்சி இருக்கும் படமும், குடும்பப் படமும் ஒரே யு/ஏ-வில் வந்ததால் பெற்றோர்களுக்குக் குழப்பம். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இது யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. டிக்கெட் புக் செய்யும் முன் அந்த எண்ணைப் பார்ப்பது நல்லது.

படத்தில் வருவது நிஜத்தில் நடக்குமா?

அளவைப் பொறுத்தவரை நிஜம் சினிமாவைத் தாண்டிவிட்டது. 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் சிக்கிய ஹெராயின் சுமார் 3,000 கிலோ. ‘கைதி’யில் வருவதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். டால்கம் கல் என்ற பெயரில் ஆப்கானிஸ்தான் சரக்காக கன்டெய்னரில் வந்தது.

ஆனால் ஸ்டைல்தான் நிஜத்தில் இல்லை. 2024-ல் என்சிபி பிடித்த ஒரு வழக்கில், சத்து மாவு, தேங்காய்த் துருவல் பொட்டலங்களுக்குள் சூடோஎபெட்ரின் என்ற மூலப்பொருளை மறைத்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கு அனுப்பியதாகக் குற்றச்சாட்டு. துப்பாக்கியும் இல்லை, பின்னணி இசையும் இல்லை.

தண்டனையும் கடுமை. 1985-ம் ஆண்டின் என்டிபிஎஸ் சட்டப்படி கஞ்சா 20 கிலோ, ஹெராயின் 250 கிராம், கொக்கைன் 100 கிராம் ஆகியவை வணிக அளவு. அந்த அளவைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு கடுங்காவல். ஜாமீன் கிடைப்பதும் கஷ்டம்.

‘மாஸ்டர்’ ஏன் தனித்து நிற்கிறது?

மற்ற மூன்று படங்களிலும் போதைப்பொருள் என்பது மூட்டை, கன்டெய்னர், கோடிக்கணக்கான ரூபாய். அதைப் பயன்படுத்திக் கெட்டுப்போனவர் கதை அதிகம் தெரிவதில்லை. ‘மாஸ்டரில்’ அது ஒரு பையனின் முகமாக வருகிறது. ஜேடி குடிபோதையில் இருந்ததால், அவரை நம்பி உதவி கேட்ட சிறுவர்களைக் காப்பாற்ற முடியாமல் போகிறது. ஹீரோவின் குடியே இரண்டு உயிருக்கு விலையாகிறது. அதன் பிறகுதான் அவர் பாட்டிலைத் தொடாமல் நிற்கிறார். படம் நீளம், பவானி பாத்திரம்தான் பெஸ்ட் என்று சொன்னவர்கள் கூட, இந்த இடத்தைக் குறை சொன்னதில்லை.

நிஜ வாழ்க்கையில் பவானிகளுக்காகவே சட்டத்தில் இடம் இருக்கிறது. 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, சிறுவர்களுக்குப் போதைப்பொருள் கொடுத்தாலும், அதை விற்க, கடத்த அவர்களைப் பயன்படுத்தினாலும் 7 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

அப்போ, படத்தை ரசிக்கக் கூடாதா?

தாராளமாக ரசிக்கலாம். சண்டைக்கு விசில் அடிப்பவர் எல்லாம் போதைக்கு ஆதரவாளர் இல்லை. ஆனால் வீட்டில் பதின்வயது பிள்ளை இருந்தால், படம் முடிந்து வரும் வழியில் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: ‘இந்தக் கதைல கடைசியா நஷ்டப்பட்டது யாரு?’ ரோலக்ஸ் பெயரைச் சொல்லும் பிள்ளை, அந்தச் சீர்திருத்தப் பள்ளிப் பையன்களையும் நினைவில் வைத்திருந்தால், பயப்பட வேண்டியதில்லை.

போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவி தேவைப்பட்டால் 14446 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். கடத்தல், விற்பனை பற்றித் தகவல் தெரிவிக்க என்சிபி-யின் 1933 எண் உள்ளது.