பெயர் வேண்டா ஈகை: திருச்சிராப்பள்ளியிற் சுவார்ட்சு ஐயர்

முக்கொம்பில் காவிரியினின்று கொள்ளிடம் பிரிய, அவ்விரண்டற்கும் இடையே திருவரங்கத் தீவு அமைகின்றது. அத்தீவின் கோயிற் சுவர்களில் நூற்றுக்கணக்கான கல்வெட்டுக்கள் உள்ளன. ஈந்தவர் பெயர், ஈந்த பொருள், அதனைக் காப்போர் கடமை ஆகியவற்றை அவை விளங்க உரைக்கின்றன. இதனை வெறும் புகழாசை எனல் பொருந்தாது. கொடை அழியாது நிற்றற்கு அப்பொறிப்பே சான்றும் காவலும் ஆயிற்று. வள்ளுவரும் ஈகையை அடுத்துப் புகழை வைத்தமை காண்க.

எனினும், பயன் கருதா ஈகை இந்நிலத்திற்குப் புதிதன்று. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆய் அண்டிரனைப் பாடிய புறநானூற்று 134ஆம் பாட்டு, மறுமை கருதிக் கொடுத்தலை வணிகம் என விலக்குகின்றது. மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரமோ மாந்தர் புகழை விலக்கி, கைம்மாற்றை இறைவன்பால் விடுகின்றது. இரண்டும் ஒன்றல்ல, எனினும் கொடுப்போன் தன்னை முன்னிறுத்தலாகாது என்பதில் ஒத்து நிற்கின்றன.

இந்நெறிக்கு எடுத்துக்காட்டாக நாம் கொள்வது சுவார்ட்சு ஐயர் (1726–1798) வாழ்வினை. 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த இவர், 1762 முதல் திருச்சிராப்பள்ளியிற் பணியாற்றினார். கோட்டையிலுள்ள கிறித்து ஆலயம் 1766இல் இவர் முயற்சியால் எழுந்தது. திங்களுக்குப் பத்து வராகன் அளவில், சோறும் காய்கறியும் உண்டு, சிற்றறை ஒன்றில் வாழ்ந்தார் என்பது அவரை நேரிற் கண்ட வில்லியம் சேம்பர்சு தரும் செய்தி. படைக்குருவாகப் பெற்ற ஊதியத்தையும் சபைக்கும் பள்ளிக்கும் ஈந்தார்.

1779இல் சென்னை அரசின் தூதராகச் சீரங்கப்பட்டணம் சென்றபோது, ஐதர் அலி வழிச்செலவிற்கென 300 ரூபாய் அளித்தார். ஐயர் அதனைச் சென்னை அரசிடம் ஒப்படைக்க முற்பட்டார். அரசு அவரையே வைத்துக்கொள்ளப் பணிக்கவே, தஞ்சையில் ஏழைச் சிறார் பள்ளிக்கு அதனை முதலாக்கினார். பின்னர் நேர்ந்த போர்க்காலப் பஞ்சத்தில், மலிந்த நாளில் வாங்கி வைத்திருந்த அரிசியால் பசித்தோரைப் புரந்தார்.

மறைவிற் செய்த ஈகையை வரலாறு எங்ஙனம் அறிந்தது என ஈண்டு ஒரு தடை எழும். பொதுப்பொருளைக் கையாண்டமையின், அனுப்பியோர்க்குக் கணக்குரைத்தல் அவர்தம் கடன். அம்மடல்களும் உடனிருந்தோர் குறிப்புக்களுமே நமக்குச் சான்று. கணக்குரைத்தல் வேறு, புகழ் தேடல் வேறு. முன்னது பொருளைக் காட்டும். பின்னது ஆளைக் காட்டும்.

ஐயருக்கும் பிற்காலத்திற் கல் எழுந்தது; தஞ்சைக் கோட்டை ஆலயத்தில் இரண்டாம் சரபோசி மன்னர், பிளாக்சுமன் என்னும் சிற்பியைக் கொண்டு சமைப்பித்த நினைவுச் சிற்பம் அது. ஆயின் அது கொண்டோர் எழுப்பிய கல், கொடுத்தோன் வெட்டுவித்ததன்று.

ஆகவே, கல்வெட்டுக்களை மட்டும் நோக்கித் தமிழகத்து அறவரலாறு எழுதுவோர், பெயர் பொறித்த கொடையையே முழுக்கொடை எனக் கொண்டுவிடுவர். மடல்களையும் கணக்கேடுகளையும் உடன்வைத்து ஆராய்ந்தாலன்றி, பெயர் வேண்டாதார் ஈகை நம் வரலாற்றில் இடம்பெறாது என்பதே எம் துணிபு.