அனுப்புநர் யார்? – மின்னஞ்சல் முகவரியின் கதை

"அனுப்புநர், பெறுநர், பொருள்" – விடுப்பு விண்ணப்பம் எழுதப் பழகிய நாளிலேயே தமிழய்யா நம் மண்டையில் ஏற்றிவிட்ட பாடம் இது. அனுப்புநர் முகவரி விட்டுப் போச்சுன்னா மார்க்கும் போச்சு! தபால்காரரும் அதே கட்சிதான். இன்லாண்டு லெட்டரின் முதுகில் அனுப்பியவர் விலாசம் இருந்தால், ஆள் மாறிப்போன வீட்டுக்குச் சென்ற கடிதம் பத்திரமாகத் திரும்பிவிடும். இல்லாவிட்டால் ஆர்.எல்.ஓ. அலுவலகத்துக்குப் போகும், அங்கே பிரித்துப் பார்த்து விலாசம் தேடுவார்கள்.

கணிப்பொறி வழியே போகும் கடிதத்துக்கும் இதே தலைவலி உண்டு. ஆபீசுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, கல்லூரி கொடுத்தது ஒன்று என்று நம்மில் அநேகருக்கு மூன்று நான்கு முகவரிகள். எதிலிருந்து எழுதுகிறோம், பதில் எங்கே போகும் என்று யோசிக்கிறோமா? அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போமே.

1971ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் பி.பி.என். நிறுவனப் பொறியாளர் ரே டாம்லின்சன், ஒரு கணிப்பொறியிலிருந்து இன்னொன்றுக்கு ஆர்ப்பாநெட் வலை வழியே செய்தி அனுப்பிக் காட்டினார். இரண்டு இயந்திரங்களும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன! ஆளின் பெயரையும் இயந்திரத்தின் பெயரையும் பிரிக்க அவர் தேர்ந்தெடுத்ததுதான் @ குறி. யார் பெயரிலும் அது வராது என்பதே காரணம்.

1973இல் கடிதத்தின் தலைப்பகுதி எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு வெளியானது. "ஃப்ரம்", தேதி, "சப்ஜெக்ட்" – அதாவது நம் தமிழய்யாவின் அனுப்புநரும் பொருளும்தான். அதை எழுதிய நால்வரில் ஒருவர் அபய் பூஷன். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணி மாணவர், 1965இல் பட்டம் பெற்றவர். முன்னாள் மாணவர் மலரில் இதைச் சொல்லாமல் போனால் தகுமா?

1975இல் ஜான் விட்டால் எழுதிய "எம்.எஸ்.ஜி." என்ற நிரலில் "ஆன்சர்" என்றொரு கட்டளை வந்தது. அதைத் தட்டினால் போதும், பதிலுக்கான முகவரி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். இங்கேதான் ஒரு திருப்பம். அதுவரை பதில் எங்கே போக வேண்டும் என்று மனிதன் முடிவு செய்தான். அதன்பின் கடிதத்தின் தலைப்பகுதி முடிவு செய்தது. தலைப்பகுதி தப்பானால் பதிலும் தப்பான வீட்டுக்குத்தான் போகும்.

ஆகவே 1977இல் வந்த அடுத்த விதித்தொகுப்பில் – விட்டாலும் அதன் ஆசிரியர்களில் ஒருவர் – மூன்று வரிகளைப் பிரித்தார்கள். கடிதம் யாருடையது என்பது "ஃப்ரம்". அதிகாரிக்காக உதவியாளர் அனுப்பினால் அவர் பெயர் "செண்டர்". பதில் வேறிடத்துக்கு வர வேண்டுமானால் "ரிப்ளை-டூ". 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி. விதிகளில் உறைக்கும் தனி முகவரி வந்தது. கடிதம் சேராவிட்டால் அந்தத் தகவல் திரும்புவது உறையின் முகவரிக்கே. உள்ளே எழுதியதற்கு அல்ல. அப்படித் திரும்பும் தகவலின் உறையில் மட்டும் அனுப்புநர் இடம் காலியாக இருக்கும். இல்லையேல் சேராத கடிதமும் சேராத தகவலும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருக்குமே!

நம் நாட்டில் 1986இல் தொடங்கிய எர்நெட் திட்டம் கல்வி நிலையங்களை இணைத்தது. 1995 ஆகஸ்ட் 15இல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் தந்தது. 1996 ஜூலை 4இல் ஹாட்மெயில் வந்தபின் இலவசமாக எத்தனை முகவரி வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றாயிற்று. வினையும் அங்கேதான்.

என் கதையையே சொல்கிறேன். 1999இல் வீட்டுக் கணக்கிலிருந்து விடுதி அறைத் தோழனுக்கு ஒரு கடிதம் போட்டேன். "ரிப்ளை-டூ"வில் ஆபீஸ் முகவரியை எப்போதோ நிரப்பி வைத்தது எனக்கு நினைவில்லை. அடுத்த மாதம் அந்த வேலையை விட்டேன். அவன் தன் கல்யாண அழைப்பைப் பதிலாக அனுப்பினான். அது திரும்பியும் வரவில்லை. ஆளில்லாத பெட்டியில் போய் விழுந்து கிடந்தது. "ஒரு வாழ்த்துக்கூடச் சொல்லலையே இவன்" என்று அவன் நினைக்க, "கல்யாணத்துக்குக் கூப்பிடலையே" என்று நான் முறுக்கிக்கொள்ள, இரண்டு வருஷம் பேச்சில்லை. பழைய கடிதத்தை அவன் அச்செடுத்துக் காட்டிய பிறகுதான் குற்றவாளி ஒரே ஒரு வரி என்று தெரிந்தது.

இது மறதி. ஏமாற்று இன்னொரு பக்கம். "ஃப்ரம்" வரியில் யார் பெயரையும் யாரும் எழுதலாம், கேட்பாரில்லை. குப்பைக் கடிதக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். அதனால் இந்த முகவரியில் அனுப்ப எந்த இயந்திரத்துக்கு உரிமை என்று அறிவிக்கும் எஸ்.பி.எஃப். 2006இலும், கடிதத்தில் முத்திரை வைக்கும் டி.கே.ஐ.எம். 2007இலும் விதிகளாக வெளிவந்தன. இரண்டையும் "ஃப்ரம்" வரியோடு பொருத்திப் பார்க்கும் டி.மார்க் 2012இல் அறிவிக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் யாஹூ தன் முகவரிகளுக்கு அதைக் கடுமையாக்கியது. யாஹூ முகவரியைப் போட்டு வேறு இயந்திரத்திலிருந்து அனுப்பிய நல்லவர்களின் கடிதங்களும் திருப்பி அனுப்பப்பட்டன.

இதில் நமக்கு நேரடிப் பங்கு உண்டு. பல கல்லூரிகள் தரும் "ஆயுள் முகவரி" உண்மையில் பெட்டி அல்ல. வரும் கடிதத்தை நம் சொந்த முகவரிக்குத் தள்ளிவிடும் வாசல்தான். அப்படித் தள்ளும்போது உறையில் பழைய அனுப்புநரும் கையில் புதிய தபால்காரருமாக இருப்பதால் எஸ்.பி.எஃப். சோதனை தவறிவிடும். உறை முகவரியை மாற்றி எழுதி இதைச் சரிசெய்யலாம். ஆனால் அதைக் கல்லூரியின் கணிப்பொறி நிர்வாகிதான் செய்ய வேண்டும்.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கல்லூரி முகவரியை வங்கிக்கும் வேலை விண்ணப்பத்துக்கும் கொடுக்காதீர்கள். பட்டம் வாங்கிய பிறகு அது இருக்குமா என்று இன்றே கேட்டு வையுங்கள். மற்ற நண்பர்களுக்கு: ஒவ்வொரு கணக்கிலும் "ரிப்ளை-டூ"வை ஒருமுறை திறந்து பாருங்கள். உங்களுக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதி, பதிலும் போட்டுப் பாருங்கள். அஞ்சு நிமிஷ வேலை.

சந்திப்பு முடிந்து ஊர் திரும்பு முன் சங்கத்தின் பதிவேட்டில் விலாசத்தைச் சரிபார்த்துவிட்டுப் போங்கள். அந்த அறைத் தோழன் இம்முறை குடும்பத்தோடு வருகிறான். அழைப்பு எனக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது!