பென்சிலும் தொலைபேசியும் போதும்

நிரல் எழுதக் கணினி வேண்டும் என்றுதான் இன்றைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். எண்பதுகளில் நான் மெட்ராஸில் கோபோல் எழுதியபோது என் மேசையில் இருந்தவை பென்சில், ரப்பர், எண்பது கட்டம் போட்ட கோடிங் ஷீட், அவ்வளவுதான். எழுதிய தாள் பஞ்ச் அறைக்குப் போகும். அட்டையில் துளை போட்டு, இரவில் இயந்திரத்தில் ஓட்டுவார்கள். காலையில் மடிப்பு மடிப்பாகப் பிழைப்பட்டியல் வந்து சேரும். ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போயிருந்தால் பக்கம் பக்கமாகப் பிழை. செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய அந்தக் குளிர் அறைக்குள் நான் போனதே அபூர்வம். வேலை முழுவதும் தாளிலும் தலையிலும்தான் நடந்தது.

அப்படியானால் அதை வீட்டில் உட்கார்ந்து செய்யலாமே! இதை 1962இலேயே கண்டுகொண்டவர், பிரிட்டனில் மென்பொருள் நிறுவனம் நடத்திய ஸ்டெஃபனி ஷெர்லி. 2025 ஆகஸ்டில், 91 வயதில் அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிகள் பெரும்பாலும் அவர் வாரிக் கொடுத்த கோடிகளைப் பற்றியே பேசின. எனக்கோ அவர் நடத்திய தொழிலைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

1933இல் ஜெர்மனியின் டார்ட்மண்டில் பிறந்தவர். அப்பா யூதர்; நீதிபதி. நாஜிகள் அவருடைய பதவியைப் பறித்தார்கள். குடும்பம் வியன்னாவுக்குப் போயிற்று. 1939 கோடையில், ஐந்து வயதில், ஒன்பது வயது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வியன்னாவில் ரயிலேறி லண்டனுக்கு வந்தார். அப்படிப் பெற்றோரை விட்டு ரயிலேறிப் பிரிட்டனில் உயிர் பிழைத்த பிள்ளைகள் ஏறக்குறைய 10,000 பேர். முன்பின் தெரியாத ஒரு தம்பதி சகோதரிகள் இருவரையும் எடுத்து வளர்த்தார்கள். காப்பாற்றப்பட்ட உயிர் வீண்போகக் கூடாது என்ற எண்ணம் அன்றிலிருந்து தன்னை விடவில்லை என்று பிற்காலத்தில் பலமுறை சொன்னார். பெண்கள் பள்ளியில் கணக்குப் பாடம் இல்லாததால் அனுமதி வாங்கி ஆண்கள் பள்ளிக்குப் போய்ப் படித்தார். லண்டன் டாலிஸ் ஹில்லில் அஞ்சல் துறை ஆராய்ச்சி நிலையத்தில் பகலில் வேலை, மாலையில் கல்லூரி. பட்டம் வாங்க ஆறு ஆண்டுகள் ஆயின.

பெண் என்பதால் ஓர் அளவுக்கு மேல் உயர விடமாட்டார்கள் என்று தெரிந்ததும் வேலையை விட்டுவிட்டு, 6 பவுண்டு முதலீட்டில் ‘ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் மென்பொருளுக்குத் தனியாக யாரும் காசு கொடுப்பதில்லை. இயந்திரம் வாங்கினால் கூடவே வரும். அதை ஒரு பெண் விற்பதா என்று சிரித்திருக்கிறார்கள். கடிதங்களில் ஸ்டெஃபனி என்று கையெழுத்திட்டவரை பதில் எதுவும் வரவில்லை. கணவர் சொன்ன யோசனைப்படி ‘ஸ்டீவ்’ என்று போட்டார். கதவு திறந்தது.

அவர் வேலைக்கு எடுத்தது கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பிறகு வேலையை விட்டிருந்த பெண்களை. முதல் 300 பேரில் ஆண்கள் மூன்றே பேர். விண்ணப்பம் போட்டவர்களிடம் ‘வீட்டில் தொலைபேசி இருக்கிறதா’ என்று கேட்பார். மணிக்கணக்கு பார்த்துக் கூலி கேட்டால் வீட்டில் பகுதிநேரமாகச் செய்கிறார்கள் என்பது வாடிக்கையாளருக்குத் தெரிந்துவிடும். அதனால் வேலைக்கு இன்ன விலை என்று முன்கூட்டியே பேசி முடித்தார். அவருடைய வீட்டில் தொலைபேசி மணி அடித்தால் தட்டச்சுச் சத்தம் பதிந்த டேப்பைப் போட்டுவிடுவார். குழந்தையின் சத்தத்தை அது மறைத்துவிடும். சரக்கு ரயில்களுக்கும் பேருந்துகளுக்கும் கால அட்டவணை போட்டார்கள். கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலை எழுதியவர்களும் இந்த வீட்டுப் பெண்கள்தான். பெண்களை மட்டும் தேடி எடுப்பது, பெண்களின் சமத்துவத்துக்காகவே 1975இல் வந்த சட்டத்தால் முடியாமல் போயிற்று.

இரண்டாவது பிள்ளை பிறந்தபோது நான் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கோடிங் ஷீட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. கூடவே வேலை பார்த்த கெட்டிக்காரப் பெண்கள் எத்தனையோ பேர் அப்படியே காணாமல் போனார்கள். அதனால்தான் ஷெர்லியின் பெயரைக் கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தொலைபேசிக் கேள்வி.

1963இல் ஷெர்லியின் மகன் கைல்ஸ் பிறந்தான். இரண்டரை வயதில், பேசிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்சப் பேச்சும் நின்றுபோயிற்று. கடுமையான ஆட்டிசம், பின்னாளில் வலிப்பும் சேர்ந்துகொண்டது. வளர்ந்த பிள்ளையை வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாமல் பெரிய மருத்துவமனை ஒன்றில் பல ஆண்டுகள் விட வேண்டியதாயிற்று. இப்படிப்பட்டவர்கள் சாதாரண வீட்டில், துணையோடு, மனிதராக வாழ ஓர் இடம் வேண்டும் என்று கிங்வுட் அறக்கட்டளையை ஏற்படுத்தினார். அதன் முதல் வீட்டில் முதலில் குடிவந்தவன் கைல்ஸ். 1998இல், 35 வயதில் அவன் இறந்தான். மறு ஆண்டே ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக ப்ரயர்ஸ் கோர்ட் பள்ளி திறந்தது. மகன் போன பிறகும் அந்த வேலையை அவர் நிறுத்தவில்லை என்பதைப் படிக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது. பிறகு ஆட்டிசம் ஆராய்ச்சிக்கும், ஆக்ஸ்ஃபோர்டில் இணைய ஆய்வு நிறுவனம் தொடங்கவும் கொடுத்தார். மொத்தம் ஏறக்குறைய 6.7 கோடி பவுண்டு. கொடுத்து முடித்து, கொடைக்காகவே வைத்திருந்த தனி அறக்கட்டளையை 2018இல் மூடிவிட்டார்.

ஆனாலும் தொழிலதிபராக இருந்தவர் பிறகு கொடையாளரானார் என்று சொல்லும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை. அறக்கட்டளைக்கு முன்பே, நிறுவனத்தில் தனக்கிருந்த பங்குகளில் ஒரு பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊழியர்கள் கையில் சேர்த்தார். அதற்கான செலவு அவருடையது மட்டுமே. 1996இல் நிறுவனம் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தது. அந்தப் பங்குகளால் கோடீசுவரர் ஆன ஊழியர்கள் 70 பேர். வேலை கொடுத்ததும் பங்கு கொடுத்ததும் கொடைக் கணக்கில் ஏறவில்லை. என்னைக் கேட்டால், அந்தக் கணக்கை 1962இலிருந்து தொடங்க வேண்டும்.