அப்பன் வாய்க்குள் ஒரு மாதம்

இந்தோனேசியாவில், சுலாவேசித் தீவுக்குக் கிழக்கே பாங்காய் தீவுகள். அங்கே கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரில் கடல் முள்ளெலிகள் கிடக்கும். ஒவ்வொன்றும் கறுப்பு ஊசிகளைக் கொத்தாகச் செருகி வைத்த பந்து மாதிரி. அந்த ஊசிகளுக்கு நடுவே ஒரு மீன்கூட்டம் அசையாமல் தொங்கிக்கொண்டிருக்கும். வெள்ளி உடம்பு, குறுக்கே கறுப்புப் பட்டைகள், துடுப்பெல்லாம் வெள்ளைப் புள்ளிகள், கத்தரிக்கோல் விரித்தது போல வால். இதுதான் பாங்காய் கார்டினல். வளர்ந்தாலும் எட்டு சென்டிமீட்டர்தான் வரும்.

ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் வால்டர் கௌடெர்ன் இதைப் பிடித்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். 1933இல் டச்சு மீனியலாளர் கூமன்ஸ் அவர் பெயரையே மீனுக்கு வைத்தார். பிறகு அறுபது வருடம் யாரும் சீந்தவில்லை. 1990களின் நடுவில் ஜெரால்ட் ஆலன் என்ற மீனியலாளர் இதை மறுபடி கண்டு எழுதினார். அதோடு இதன் நிம்மதி போயிற்று. சில வருடங்களுக்குள் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் என்று வீட்டுத் தொட்டிகளுக்கெல்லாம் பயணம் போக ஆரம்பித்துவிட்டது.

தொட்டியில் ஜோடி சேர்ப்பதுதான் முதல் கஷ்டம். ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதனால் வளர்ப்பவர்கள் ஐந்தாறு குஞ்சுகளை ஒன்றாக வாங்கி விட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். சில மாதங்களில் இரண்டு மட்டும் ஒரு மூலையைத் தமதாக்கிக்கொள்ளும். பிறகு மற்றவற்றுக்கு அடி, உதைதான். துடுப்பு கிழிந்து, மேல்மூலையில் பம்புக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நிற்கும் மீனைப் பார்த்தால் ஜோடி அமைந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே மற்றவற்றை வேறு தொட்டிக்கு மாற்றாவிட்டால் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கும். இந்தக் கல்யாணத்துக்கு விருந்தாளிகள் கூடாது.

பெண்தான் முதலில் நெருங்கும். ஆணின் பக்கத்தில் ஒட்டி நின்று உடம்பை நடுக்கும். இது மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் நடக்கும். கடைசியில் ஆரஞ்சு நிற முட்டைக் கொத்து வெளியே வரும். ஒவ்வொரு முட்டையும் மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு; இவ்வளவு சின்ன மீனுக்கு அது பெரிய முட்டை. அதனால் ஐம்பது, அறுபதுக்கு மேல் போவது அரிது. ஆண் அந்தக் கொத்தை ஒரே கவ்வில் வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். அனுபவமில்லாத ஆண் பாதியில் அப்படியே விழுங்கிவிடுவதும் உண்டு. திட்டிப் பயனில்லை, அடுத்த தடவைக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

நம் ஊர்க் குளத்து ஜிலேபி மீனும் வாயில்தான் அடைகாக்கும். ஆனால் அங்கே அந்த வேலை தாயுடையது, இங்கே அப்பனுடையது. தாடை இறங்கி, தொண்டை பை போல உப்பிவிடும். முகத்துக்கு நேரே தீனி மிதந்தாலும் திரும்பிப் பார்க்காது. முட்டைகளைப் புரட்டிப் போட அவ்வப்போது வாயைத் திறக்கும். அந்த நொடியில் டார்ச் அடித்துப் பார்த்தால், மூன்றாவது வாரத்தில், உள்ளேயிருந்து குட்டிக் கண்கள் மினுங்கும். சுமார் இருபது நாளில் முட்டை பொரியும். பொரிந்த பிறகும் பத்து நாள் போல வாயை விட்டு வெளியே விடாது. அந்த ஒரு மாதமும் அப்பன் பட்டினி.

பவளப்பாறை மீன்களில் பெரும்பாலானவற்றின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் பிறந்து, நீரோட்டத்தோடு போய்விடும். தொட்டியில் அவற்றுக்கு ஊட்டுவது பெரும்பாடு. பாங்காய் குஞ்சோ வெளியே வரும்போதே எட்டு மில்லிமீட்டர் நீளம், பட்டையும் புள்ளியுமாக அப்பனின் அச்சு. அன்றைக்கே, புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா என்ற குட்டி இறால்களைத் துரத்தித் தின்னும். ஒளிய முள்ளெலி வேண்டுமே? கறுப்பு கேபிள் டைகளைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டால், குஞ்சுகள் எந்தச் சந்தேகமும் இல்லாமல் அதற்குள் புகுந்துகொள்ளும். பெரிய மீன்களிடமிருந்து பிரித்து வைப்பது முக்கியம். ஒரு மாதம் பட்டினி கிடந்து காத்த அப்பனே வெளியே வந்த பிள்ளையைத் தின்றுவிடும்.

இன்னொரு கண்டமும் உண்டு. வெறும் ஆர்ட்டீமியா மட்டும் தின்று வளர்ந்த குஞ்சுகள் நன்றாகத்தான் தெரியும். ஒரு நாள் காலையில் விளக்கைச் சட்டென்று போட்டால் மிரண்டு, பக்கவாட்டில் சாய்ந்து, செவுள் துடிக்கச் செத்துப்போகும். டிஎச்ஏ என்ற கொழுப்பு அமிலம் போதாததுதான் காரணம். அந்தச் சத்துக் கரைசலில் ஆர்ட்டீமியாவை ஊறவைத்துக் கொடுத்தால் இந்தச் சாவு நிற்கும்.

குஞ்சு நீரோட்டத்தில் மிதந்து போவதில்லை என்பது தொட்டியில் வரம், கடலில் சாபம். பக்கத்துத் தீவில் இருப்பவைகூட மரபணுவில் வேறு கூட்டம். ஒரு திட்டில் எல்லாவற்றையும் அள்ளிவிட்டால் வேறிடத்திலிருந்து வந்து நிரப்ப ஆளில்லை. வணிகம் உச்சத்தில் இருந்தபோது ஆண்டுக்கு ஏழு லட்சத்துக்கும் மேல் பிடிக்கப்பட்டதாகக் கணக்கு. இவை ஒளிந்துகொள்ளும் முள்ளெலிகளையும் மனிதர்கள் அள்ளியதால் இருக்கும் இடமும் சுருங்கியது. 2007இல் இயற்கைப் பாதுகாப்புக்கான உலக அமைப்பான ஐயுசிஎன் இதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலிட்டது. பிடித்துக் கொண்டுபோன வழியில் வியாபாரிகள் கையிலிருந்து தப்பியவை சுலாவேசியின் வடகோடியில், லெம்பே நீரிணையில், குடும்பம் பெருக்கி வாழ்கின்றன. சொந்த ஊரில் அருகி, வேற்றூரில் பெருகியிருக்கிறது.

தொட்டியில் இவ்வளவு எளிதாகப் பிறக்கும் மீனைக் கடலில் அள்ளுவதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. தாய்லாந்துப் பண்ணைகளில் பிறந்த குஞ்சுகள் சந்தைக்கு வருகின்றன, வீட்டில் வளர்ப்பவர்களிடமும் கிடைக்கின்றன. கடையில் இந்த மீனைப் பார்த்தால் விலையை அப்புறம் கேளுங்கள், முதலில் எங்கே பிறந்தது என்று கேளுங்கள். கடைக்காரர் பதில் சொல்லத் தயங்கினால் வாங்காதீர்கள்.