முதலில் தண்ணீர், பிறகு மரம்



மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தலமரம் புன்னை என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். புன்னை இந்தக் கடற்கரைக்கே உரிய மரம். நம் கரையோரத்தில் நாவல், உலக்கைப்பாலை, வீரை, காசான் என்று வறண்ட கோடையிலும் பசுமை மாறாத குட்டையான காடு ஒன்று இருந்தது. ஊர் வளர வளர அது கிண்டி போன்ற சில இடங்களில் மட்டும் துண்டு துண்டாக ஒதுங்கிவிட்டது.

ராஜா அண்ணாமலைபுரத்தை ஒட்டிய அடையாறு உப்பங்கழிக்கும் இதே கதி வந்தது. இடித்த வீடுகளின் செங்கல்லும் குப்பையும் அங்கே கொட்டப்பட்டன. சாக்கடை கலந்தது. சீமைக்கருவேலம் மண்டியது. எஞ்சியதைக் காப்பாற்ற வேண்டும் என்று குடிமக்கள் அமைப்புகள் நீதிமன்றம் வரை போயின.

2006-இல் இதை மீட்க அரசு ஓர் அறக்கட்டளையை அமைத்தது. 58 ஏக்கரில் வேலை நடந்தது. திட்டத்தை வகுத்தவர்கள் ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் குழுவினர். 1968-இல் தொடங்கிய ஆரோவில்லின் பொட்டல் செம்மண்ணில் காடு வளர்த்த அனுபவம் அவர்களுக்கு இருந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது வேலையின் வரிசை. கன்று நடுவதற்கு முன் குப்பையையும் இடிபாட்டையும் அகற்றினார்கள். குளங்களைத் தோண்டி, நீர் வந்துபோக வழி செய்தார்கள். இடிபாடு தரையை உயர்த்திவிட்டால் கடலின் ஏற்றநீர் உள்ளே வராது. அந்த நீர் இல்லாமல் அலையாத்தி பிழைக்காது. அதன் பிறகே நீரோரத்தில் அலையாத்தியும் மேட்டில் நம் மண்ணின் மரங்களும் நடப்பட்டன. 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்ற பெயரில் அது திறக்கப்பட்டது. நிலத்தை முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என வகுத்துச் சொன்ன நூலின் பெயர் அது, பொருத்தமான பெயர்தான்.

இந்த வரலாற்றில் நமக்கும் பங்கு உண்டு. கழியை மூடிய இடிபாடு நம்மைப் போன்றவர்களின் வீடுகளிலிருந்து போனதுதான். அடுத்த முறை உங்கள் குளியலறை ஓடுகளை மாற்றும்போது, மூட்டைகளை ஏற்றிச் செல்லும் வண்டி எங்கே போகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். "எங்கேயாவது கொட்டிடுவோம் சார்" என்று பதில் வந்தால் விடாதீர்கள். மாநகராட்சி ஒதுக்கிய இடத்துக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் நம் வளாகத்தில் கன்று நடுவதானால் புன்னையும் பூவரசும் நடலாம். ஆனால் முதல் வேலை அந்த மூட்டைகள்தான்.