பைத்தானுக்கு ஏன் தனிப் பெட்டி? ஒரு சின்ன வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் முழுவதும் படியுங்கள். மற்றவர்கள் வரலாற்றுக்காகப் படிக்கலாம். நான் கணினி ஆசிரியர் இல்லை, வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். ஒன்று ஏன் இப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால், அது எந்த ஆண்டில் வந்தது என்று முதலில் பார்க்கும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

2019-20 கல்வியாண்டிலிருந்து நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான் வந்தது. புத்தகத்தின் கடைசிப் பாடம், கோட்டு வரைபடம், வட்ட வரைபடம் வரைவது. அதற்கு மேட்பிளாட்லிப் என்ற தொகுப்பு வேண்டும். 'பிப்' என்ற கருவியால் அதை நிறுவ ஒரு வரிக் கட்டளை கொடுத்திருக்கிறார்கள். விண்டோஸில் அடித்தால் பெரும்பாலும் வேலை நடந்துவிடும். அதே வரியை இன்றைய உபுண்டுவிலோ டெபியனிலோ அடித்துப் பாருங்கள். 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்' என்று சொல்லி மறுத்துவிடும்.

இங்கே தோவாளையில் மாலை நேரத்தில் சந்தேகம் கேட்டு வரும் பிள்ளைகள் சிலர் உண்டு. "சாரே, புத்தகத்துல உள்ளது போலத்தான் அடிச்சேன்" என்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. அடுத்து ஒன்று சொல்வார்கள், அதுதான் எனக்குக் கவலை: "எனக்கு இதெல்லாம் வராது சார்." முதல் தலைமுறையாகக் கணினியைத் தொடும் பிள்ளை, கணினி மறுத்தால் குற்றம் தன்மேல்தான் என்று எடுத்துக்கொள்கிறது. அந்தப் பிள்ளை ஒரு எழுத்துகூடத் தப்பாக அடிக்கவில்லை. புத்தகம் எழுதியவர்களும் தப்பாக எழுதவில்லை. நடுவில் நாலு வருஷத்தில் விதி மாறிவிட்டது.

நெதர்லாந்துக்காரரான கைடோ வான் ரோசம் பைத்தானின் முதல் பதிப்பை வெளியிட்டது 1991-ல். அப்போது ஒரு கணினி, அதில் ஒரு பைத்தான், அவ்வளவுதான். பிறர் எழுதிய தொகுப்புகளை எடுத்துச் சேர்ப்பது பெரிதாக நடந்தது பின்னால்தான். தொகுப்புகளுக்கான பொதுக் கிடங்கான பைபிஐ 2003-ல் வந்தது. அதிலிருந்து இறக்கியதெல்லாம் ஒரே கோப்புறையில் போய் விழுந்தது. சிக்கல் அங்கேதான் முளைத்தது. ஒரு வேலைக்கு ஒரு தொகுப்பின் பழைய பதிப்பு வேண்டும், இன்னொரு வேலைக்கு அதே தொகுப்பின் புதியது வேண்டும். ஒரே கோப்புறையில் இரண்டும் இருக்க முடியாது. புதியது ஏறினால் பழையது போய்விடும்.

நம்ம ஊர்ப் பூக்கடையில் இதை விளக்கவே வேண்டாம். கல்யாண மாலைக்கு எடுத்து வைத்த பிச்சியும் கோவிலுக்கு எடுத்து வைத்த அரளியும் ஒரே பெட்டியில் கிடந்தால் கட்டுகிறவர் கை தடுமாறும். ஆர்டருக்கு ஒரு பெட்டி என்று வைத்தால் தீர்ந்தது.

அந்தத் தனிப் பெட்டியைச் செய்தவர் இயன் பிக்கிங். அமெரிக்கர், நிரலாளர். 2007-ல் 'வர்ச்சுவல்என்வ்' என்ற கருவியை வெளியிட்டார். மறு ஆண்டு பிப் வந்ததும் அவர் கையிலிருந்துதான். வர்ச்சுவல்என்வ் செய்த தந்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும். பைத்தான் ஓடத் தொடங்கியதும், தன்னுடைய ஓட்டக்கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்து, அதை வைத்தே நூலகங்களைத் தேடும். பிக்கிங் அந்த ஓட்டக்கோப்பை ஒரு புதிய கோப்புறைக்குள் நகலெடுத்து வைத்துவிட்டார். அங்கிருந்து ஓடும் பைத்தான் அந்தக் கோப்புறையையே தன் வீடு என்று எண்ணிக்கொள்கிறது. தொகுப்புகளையும் அங்கேயே வைக்கிறது. கணினியின் பொதுப் பைத்தானுக்கு ஒன்றும் தெரியாது.

அடுத்த வருஷமே இதன் அருமை தெரிந்தது. 2008 டிசம்பரில் பைத்தான் 3 வெளிவந்தது. பழைய 2-ல் எழுதிய நிரல்கள் பல அதில் அப்படியே ஓடாது. நம் நாஞ்சில் நாட்டில் கொல்லம் ஆண்டும் ஆங்கில ஆண்டும் பத்திரங்களில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற காலம்போல, இரண்டு பைத்தானும் பல வருஷம் சேர்ந்து ஓடின. 2-க்கு 2015-ல் விடை கொடுப்பதாக இருந்தார்கள். முடியாமல் 2020 ஜனவரி 1 வரை தள்ளிப்போட்டார்கள்.

தமிழுக்கு இந்த மாற்றம் சின்ன விஷயம் இல்லை. 'தோவாளை' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று. பைத்தான் 2-ல் யுடிஎஃப்-8 கோப்பில் சாதாரணச் சரமாக எழுதி நீளம் கேட்டால் 18 என்று சொல்லும், ஏனென்றால் அது பைட்டை எண்ணுகிறது. பைத்தான் 3 ஆறு என்று சொல்லும். அது யூனிகோடு குறியீடுகளை எண்ணுவதால் த ஒன்று, ஓகாரக் குறி ஒன்று, இப்படியே ஆறு. மூன்று என்ற சரியான விடை வேண்டுமென்றால் ஓப்பன்-தமிழ் என்ற தொகுப்பு வேண்டும். 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையின் முயற்சியில் வளர்ந்தது அது. இரண்டு பைத்தானிலும் ஓடும்படி எழுதினார்கள். அப்படி ஒன்றை எழுதிச் சோதிக்கிறவருக்கு, ஒரே கணினியில் 2-க்கு ஒரு பெட்டி, 3-க்கு ஒரு பெட்டி இல்லாமல் வேலை நகராது.

தனி ஆள் செய்த இந்தக் கருவியைப் பைத்தானுக்குள்ளேயே சேர்க்க வேண்டும் என்று கார்ல் மேயர் 2011-ல் முன்மொழிந்தார். பெப் 405 என்று அதற்கு எண். நிரலாக எழுதிச் சேர்த்ததில் வினய் சஜிப்புக்குப் பெரும் பங்கு உண்டு. 2012 செப்டம்பரில் வந்த பைத்தான் 3.3-ல் 'வென்வ்' என்ற பெயரில் அது உள்ளே இருந்தது. ஆகப் பாடநூல் வருவதற்கு ஏழு வருஷம் முன்பே பெட்டி கைவசம் இருந்தது. கட்டாயம்தான் இல்லை.

கட்டாயம் வந்தது லினக்ஸ் பக்கமிருந்து. உபுண்டு, டெபியன் போன்றவற்றில் கணினியின் சொந்த வேலைகள் சிலவற்றுக்கே பைத்தான் வேண்டும். நாம் பிப் வைத்துப் பொதுக் கோப்புறையில் ஒன்றை மாற்றினால் கணினியின் காலையே வாரிவிடலாம். அப்படி நடந்தும் இருக்கிறது. அதனால் 2021-ல் பெப் 668 எழுதப்பட்டது. 2023-ல் உபுண்டு 23.04-ம் டெபியன் 12-ம் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. பிள்ளைகள் பார்க்கும் அந்த மறுப்பு, பொதுப் பெட்டியில் கை வைக்காதே, உனக்கென்று ஒன்று வைத்துக்கொள் என்ற அறிவிப்புதான். அதைக் கொஞ்சம் அன்பாகச் சொல்லியிருக்கலாம்!

இனி எடிட்டர். மைக்ரோசாஃப்ட் 2015 ஏப்ரலில் விஎஸ் கோடை அறிவித்தது. அதற்கான பைத்தான் நீட்சியை முதலில் எழுதியவர் டான் ஜெயமன்னே என்ற தனி நிரலாளர். 2017-ல் அவரும் நீட்சியும் மைக்ரோசாஃப்ட்டுக்குள் போனார்கள். 2022-ல் பெட்டி செய்வதற்கே ஒரு கட்டளை சேர்ந்தது. கண்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தி 'பைத்தான்: கிரியேட் என்விரான்மென்ட்' என்பதைத் தேர்ந்து, வென்வ் என்று சொன்னால் போதும். எந்தப் பைத்தான் என்று கேட்கும், காட்டுங்கள். திறந்திருக்கும் கோப்புறைக்குள் '.வென்வ்' என்று ஒரு கோப்புறை உண்டாகும். உபுண்டுவில் வென்வ் இல்லை என்று சொன்னால் பைத்தான்3-வென்வ் தொகுப்பை ஏப்ட் வழியாக முதலில் நிறுவிக்கொள்ள வேண்டும்.

இது இவ்வளவு சுலபமானதில் எனக்குச் சந்தோஷம்தான், ஒரு குறையும் உண்டு. பொத்தானை அழுத்துகிற பிள்ளைக்கு உள்ளே என்ன நடந்தது என்று தெரியாமல் போகிறது. எடிட்டர் ஒரு பைத்தானைப் பார்த்துக்கொண்டிருக்கும், டெர்மினல் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும். மேட்பிளாட்லிப் நிறுவியாயிற்று, ஆனாலும் 'இல்லை' என்று பிழை வரும். பத்துக்கு எட்டுப் பிள்ளைகள் என்னிடம் கொண்டு வருவது இதைத்தான். கீழ்ப் பட்டையில் பைத்தான் பதிப்பின் எண் இருக்கும். அதைத் தொட்டு '.வென்வ்' உள்ளதைத் தேர்ந்துவிட்டு, புதிய டெர்மினல் ஒன்றைத் திறக்கச் சொல்வேன். பெட்டியை 'ஆக்டிவேட்' செய்வது என்று பெரிதாகச் சொல்கிறார்கள். முக்கியமாக அது செய்வது ஒன்றுதான். கணினி கட்டளைகளைத் தேடும் பாதையில், இந்தப் பெட்டியை வரிசையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இன்னொன்று. செய்முறைத் தேர்வுக்கு முன்னால் வீட்டில் செய்ததைப் பள்ளிக் கணினிக்குக் கொண்டு போகிறவர்கள் '.வென்வ்' கோப்புறையைப் பென் டிரைவில் ஏற்ற வேண்டாம். வீட்டுக் கணினியின் முழுப் பாதை அதற்குள் எழுதியிருக்கும், அங்கே போனால் ஓடாது. நிரல் கோப்பையும், 'பிப் ஃப்ரீஸ்' கொடுக்கும் பட்டியலை 'ரிக்வயர்மென்ட்ஸ்' என்ற உரைக்கோப்பாகவும் எடுத்துப் போங்கள். அங்கே இணையம் இருந்தால், அந்தப் பட்டியலைக் காட்டிப் புதுப் பெட்டி செய்ய அஞ்சு நிமிஷம் ஆகும்.