புருடோ விரிகுடா எண்ணெய் வயல்

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், ஆர்க்டிக் கடற்கரையை ஒட்டி அமைந்துள்ள மணற்கல் எண்ணெய் வயல். 1968இல் கண்டறியப்பட்டது. வட அமெரிக்காவின் மிகப் பெரிய எண்ணெய் வயல்களுள் ஒன்று.

நிலவியல்: முதன்மைத் தேக்கப் பாறை, டிரையாசிக் காலத்து ஐவிஷாக் மணற்கல். ஆறுகளும் கழிமுகங்களும் படியவைத்த மணலும் கூழாங்கற்களும் இறுகி உருவான இப்பாறையின் நுண்துளைகளில் எண்ணெய் தங்கியுள்ளது. தென்மேற்காகச் சரியும் இவ்வடுக்கு வடக்கில் பிளவுப்பெயர்ச்சிகளால் முறிந்துள்ளது. கிழக்கில் அரிப்புக்குள்ளாகித் துண்டிக்கப்பட்டுள்ளது. அங்கு அதன் மேல் படிந்த கிரெட்டேசியக் களிப்பாறை, எண்ணெய் கசிந்து வெளியேறாமல் மூடியுள்ளது. சூப்லிக், கிங்காக் முதலிய கரிமவளம் மிக்க பாறைகளே எண்ணெயின் மூலம். எண்ணெய்க்கு மேல் பெரும் வாயுக் கவிகை உண்டு.

இருப்பு: தொடக்கத்தில் நிலத்தடியில் இருந்த எண்ணெய் ஏறத்தாழ 2,500 கோடி பீப்பாய். எடுக்கத்தக்கது 960 கோடி பீப்பாய் என முதலில் மதிப்பிடப்பட்டது. எண்ணெயுடன் வெளிவரும் வாயுவைத் திரும்பச் செலுத்துதல், நீர் செலுத்துதல் ஆகிய முறைகளால் இதுவரை 1,200 கோடிக்கும் அதிகமான பீப்பாய்கள் எடுக்கப்பட்டுள்ளன.

உற்பத்தி: 1977இல் தொடங்கியது. உச்சக்கட்டத்தில் நாளொன்றுக்கு 15 இலட்சம் பீப்பாயை எட்டி, 1980களின் இறுதியிலிருந்து குறைந்துவருகிறது. எண்ணெய் சுமார் 1,290 கி.மீ. நீளக் குழாய்வழியாக வால்டீஸ் துறைமுகத்தை அடைகிறது.